சிறகுடைய குதிரை

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள பேரையூர் எங்கள் ஊர். அங்கே நான் பயின்ற நாளில், ஓவிய வகுப்பில் ஒருமுறை குதிரை வரையுமாறு பணித்தனர். என் அருகில் அமர்ந்திருந்த நண்பன் சிறகுடைய குதிரையை வரைந்தான். அதன் முதுகில் ஒரு கோபுரம். கோபுரத்தின் உச்சியில் அவனே வீற்றிருந்தான். வகுப்பு முழுவதும் நகைத்தது. நகைத்தவர்களுள் நானும் ஒருவன். அவன் அத்தாளைக் கசக்கி எறிந்தான். அதன்பின் அவன் விரும்பி வரைந்ததை நான் கண்டதில்லை.

ஆண்டுகள் பல சென்றன. சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூரைக் காணச் சென்றேன். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் கலைஞர்கள் கூடி 1966இல் அமைத்த ஊர் அது. அங்கே கே. இராமானுஜத்தின் ஓவியத்தைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. மாட மாளிகைகள், பறவைகள், நெளியும் நாகங்கள், அவற்றின் நடுவே தொப்பியணிந்த ஒரு மனிதர் என விரிவது அவருடைய ஓவிய உலகம். அம்மனிதர் இராமானுஜமே! என் நண்பனின் குதிரை நினைவில் எழுந்தது, நெஞ்சு நாணியது.

கனவுக்கும் அடிமனத்துக்கும் கலையில் உரிமை வேண்டும் என்று, 1924இல் பாரிசு நகரில் ஆந்திரே பிரெத்தோன் என்னும் கவிஞர் அறிக்கை வெளியிட்டார். அந்நெறியை மீமெய்யியல் என்பர். இராமானுஜம் அவ்வியக்கத்தில் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவரும் கனவையே தீட்டினார்.

1941இல் பிறந்த அவர், சென்னை அரசு கலைப்பள்ளியில் பயின்றார். அவருக்குப் பேச்சு எளிதில் வரவில்லை. மனநோயும் அவரை வாட்டியது. நா சொல்லாததை அவருடைய கோடுகள் சொல்லின. மையால் நுண்ணிய கோடுகளை நெருக்கி நெருக்கி இழைத்துத் தம் கனவுலகை எழுப்பினார். கனவு தானே வரலாம். அதனை ஓவியமாக்க அயராத உழைப்பு வேண்டும். பணிக்கர் அவரை நகைக்கவில்லை. அவருடைய ஆற்றலை உணர்ந்து போற்றினார். சோழமண்டலம் அவருக்கு வாழ இடம் தந்தது. 1973இல், முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, அவர் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் மறையவில்லை.

ஊர் திரும்பியதும் நண்பனைத் தேடிச் சென்றேன். அவன் பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ வரைந்த குதிரை எனக்கு நினைவிருக்கிறது. அன்று நகைத்தது என் பிழை" என்றேன். "இரண்டு சிறகுகளை விரித்து அது பறந்ததே!"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னான்:

"இரண்டு அல்ல, நான்கு சிறகுகள்."