அத்தையின் குரல்

எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம், அத்தைதான். பேராவூரணி பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. காலையில் வாய்ப்பாடு, மதியம் பாட்டு, சாயங்காலம் எனக்குத் திட்டு! "டேய், வாடா" என்று வாசலில் நின்று கூப்பிட்டால் தென்னந்தோப்பு தாண்டிக் கேட்கும்.

போன வருடம் பள்ளி ஆண்டு விழா ஒத்திகைக்கு மைக் இல்லாமல் மைதானத்தில் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. இரண்டு மாதமாகியும் குரல் திரும்பவில்லை. அதோடு வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தார். புற்றாக இருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியில் தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே சின்னச் சின்ன முடிச்சு. "மண்வெட்டி பிடிக்கிறவங்க கை காய்த்துப் போகிற மாதிரிதான் இதுவும். பயப்படாதீங்க" என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பேசும்போது இந்த நாண்கள் பெண்களுக்கு நொடிக்கு சுமார் 200 தடவை, ஆண்களுக்கு 100 முதல் 120 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றனவாம். கத்தினால் மோதலின் வேகம் கூடுகிறது. வருடக்கணக்கில் கத்தினால் காய்த்துப் போகாமல் என்ன செய்யும்? 1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் வைத்தியரின் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தில் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். மருத்துவர்களுக்கு வழிகாட்டியது ஒரு வாத்தியார் என்பதில் அத்தைக்கு ரொம்பப் பெருமை!

முதலில் ஒரு வாரம் பேசக்கூடாது. பிறகு குரல் பயிற்சி. அந்த வாரம் அத்தை சிலேட்டில் எழுதித்தான் என்னைத் திட்டினார். நாங்கள் தெரிந்துகொண்டவை இவை:

கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு என்று நினைக்காதீர்கள், அதுவும் சிரமம்தான். அடிக்கடி தொண்டையைச் செருமக்கூடாது. நாம் குடிக்கும் கஷாயம் குரல் நாண் மேல் படுவதில்லை. தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தால் நாண்கள் ஈரமாக இருக்கும். புகை கூடவே கூடாது. நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். முடிச்சாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

எம்.ஜி.ஆருக்கு 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்து குரலே மாறிப்போனது. அந்தக் குரலோடுதான் நடித்தார், 1977-ல் முதல்வரும் ஆனார். அது திடீரென்று வந்த ஆபத்து. எங்கள் அத்தைக்கு வந்ததோ தினம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, தடுத்திருக்கலாம்.

இப்போது அத்தை இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் சத்தம் போட்டால் கத்துவதில்லை, கை தட்டுகிறார். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. தென்னந்தோப்பு வரை கேட்காது. பக்கத்தில் போய் நின்றால் கேட்கும். நானும் இப்போது கூப்பிடும் முன்பே போய் நிற்கிறேன்.