பட்டறையில் ஒரு புது உருளை

மாத்தளையில் திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சந்தின் கோடியில், தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை. வாசலில் பலாப் பலகைகளை, இடையிடையே சிலாகை செருகி, காற்றுப் புக அடுக்கிக் காயவிட்டிருக்கிறார்கள். உள்ளே சுவரோரம், எங்கோ பழைய வீடு உடைத்ததில் வந்த முதிரை வளைகள். இரத்தோட்டைப் பக்கத்து ஈர மலையிலிருந்து பலா வரும். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் வறண்ட காடு. அங்கத்தைய மரம் முதிரை. பலா சொன்னபடி கேட்கும். முதிரை கேட்காது. அதன் நார் ஒரே திசையில் ஓடாமல், ஒரு படை இப்படியும் அடுத்த படை அப்படியுமாகப் பின்னிக் கிடக்கும். மெருகேற்றினால் பட்டுப்போல மின்னுவது அந்தப் பின்னலால்தான். சீவும்போது பிய்ந்து குழி விழுவதும் அதனால்தான்.

இன்று பிளேனர் மிஷின் திறந்து கிடக்கிறது. பெல்ட் கழற்றியாகிவிட்டது. முன்மேசையும் பின்மேசையும் தாழ்ந்திருக்க, நடுவில் வெறும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் இவ்வளவு காலம் சுழன்ற உருளை, எண்ணெய் ஊறிய சாக்கின்மேல் கிடக்கிறது. அதன் நீளத்துக்கு மூன்று நேர் அலகுகள். பலகையைக் கையால் தள்ளி இந்த அலகுகளின்மேல் ஓட்டினால் அடிமுகம் தட்டையாகும். பிறகு நிமிர்த்தி ஓட்டினால் விளிம்பு நேராகும். இரண்டு பலகையை ஒட்டி ஒரு மேசை முகப்புச் செய்வதாயிருந்தால், ஒட்டு தெரிவதும் தெரியாததும் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

மூன்று அலகையும் ஒரே உயரத்தில் நிறுத்துவது பெரிய வேலை. பட்டறையை நடத்தும் பாஸ் அதற்கென்றே ஒரு மரச் சட்டம் வைத்திருக்கிறார். பின்மேசையின்மேல் சட்டத்தை வைத்து, அதில் ஒரு பென்சில் கோடு போட்டு, உருளையைக் கையால் மெல்லத் திருப்புவார். அலகு சட்டத்தைத் தொட்டு, கொஞ்சத் தூரம் இழுத்துப்போய் விட்டுவிடும். அந்த முனையிலும் இந்த முனையிலும் இழுபடும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அடுத்த அலகு. ஆணியை இறுக்கும்போது அலகு மயிரிழை ஏறிவிடும். திரும்பவும் தளர்த்தி, தட்டி, முதலிலிருந்து. ஒரு காலை முழுக்க இதிலேயே போகும். மத்தியானம் முதிரை வளைக்குள் புதைந்திருந்த பழைய ஆணி ஒன்று தட்டுப்பட்டால், அலகில் ஒரு பல் விழும்; அதற்குப்பின் ஓட்டுகிற பலகைக்கெல்லாம் நெடுகிலும் ஒரு வரம்பு எழும். ஒரு அலகைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி அந்த வரம்பை மறைக்கும் வித்தையும் பாஸுக்குத் தெரியும். இவ்வளவு கைப்பழக்கம், இவ்வளவு பொறுமை, ஒரு மிஷினைச் சரிக்கட்டுவதிலேயே செலவாகிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருந்திருக்கிறது.

புது உருளை மரப்பெட்டிக்குள் எண்ணெய்க் கடதாசி சுற்றி வந்திருக்கிறது. 2022 இல் வாங்க நினைத்தது. அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறியது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள். வெளிநாட்டுச் சாமான் நினைப்பையே மூட்டைகட்டி வைத்தார் பாஸ். இப்போதுதான் கைகூடியிருக்கிறது.

பாஸிடம் வேலை பழகும் பையன் கடதாசியைப் பிரிக்கிறான். உருளையைச் சுற்றிச் சுருளாக ஏறும் வரிசைகளில் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகள், ஒவ்வொன்றும் 15 மில்லிமீற்றர் அளவில், நடுவில் ஒரு ஸ்க்ரூவுடன். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு விளிம்பு. ஒன்று மழுங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்தி அடுத்த விளிம்புக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஆணி பட்டாலும் அடிவாங்கிய இரண்டு மூன்று துண்டைத் திருப்பினால் போதும். துண்டு உட்காரும் பள்ளமே உயரத்தைத் தீர்மானித்துவிடுகிறது. சட்டமும் பென்சில் கோடும் அதற்கு வேண்டாம்.

துண்டுகள் டங்ஸ்டன் கார்பைட். 1923 இல் ஜெர்மனியின் ஒஸ்ராம் விளக்கு நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் இதைச் செய்தது மரத்துக்காக அன்று. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை மெல்லிதாக இழுத்தெடுக்கும் அச்சுக்கு வைரத்தை விட்டால் வேறு கதியில்லாதிருந்தது. அந்தச் செலவைக் குறைக்கத்தான். மூன்று வருடம் கழித்து குருப் நிறுவனம் அதை விடியா என்ற பெயரில் வெட்டுக் கருவியாக விற்கத் தொடங்கியது. இரும்பு அலகைச் சீக்கிரம் தின்றுவிடும் தேக்கின் மணற்சத்தும் இதை இலேசில் மழுங்க வைக்காது. ஆனால் உடையும் சாதி. கீழே விழுந்தால் மூலை தெறிக்கும்.

பாஸ் ஒரு துண்டைக் கழற்றிப் பையனிடம் நீட்டுகிறார். துண்டின் அடியிலும் பள்ளத்திலும் பையன் மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்க்கிறான். துணியால் துடைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். ஒரு பொட்டுத் தூசு.

"அது இருந்தா அந்த இடம் தூக்கி நிக்கும், தம்பி. பலகையில கோடு விழும்."

மறுபடி தேய்க்கிறான். ஸ்க்ரூவை இறுக்கும் சாவி 'டிக்' என்கிறது. "அதுக்கு மேல ஒரு சுத்துக் கூடக் குடுக்காத. வெடிச்சிரும்." ஒவ்வொரு துண்டாக இப்படியே சரிபார்த்து முடிக்கிறார்கள். பெயரிங்குகளையும் புதிதாகப் போடுகிறார்கள். பாஸ் குழாய்த் துண்டை உள்வளையத்தில் மட்டும் படவைத்துத் தட்டி இறக்குகிறார்.

உருளை இடத்தில் உட்கார்ந்து, பின்மேசை துண்டுகளின் முனைக்குச் சரியாக ஏறி நின்றதும் பையன் சுவிச்சுக்குக் கை நீட்டுகிறான். பாஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறார். குனிந்து, பெஞ்சுக்கு அடியில் தூளில் புதைந்து கிடந்த தகர மூடியை இழுத்தெடுக்கிறார். உருளையை மறைக்கும் காப்பு. இடைஞ்சல் என்று எப்போதோ கழற்றிப் போட்டது.

பாஸின் இடது சுட்டுவிரலில் நகம் இல்லை. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. ஒரு காலத்தில் உருளை சதுரக் கட்டையாக இருந்தது. மூலைக்கும் மேசைக்கும் இடையிலான பள்ளத்தில் கையே போய்விடும். பிரிட்டனில் 1922 இல் வந்த மர இயந்திர விதிகள் கைத்தள்ளு மிஷினுக்கு வட்ட உருளையைக் கட்டாயமாக்கின. இலங்கையில் 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரங்களுக்குக் காப்புப் போடச் சொல்கிறது. சட்டம் இந்தச் சந்துக்குள் வர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

"சத்தம் குறையும்னு சொன்னானுங்க. சத்தம் இல்லன்னா பயமும் இருக்காது, கை தானாப் போயிரும்" என்கிறார், மூடியின் ஸ்க்ரூவைத் தேடியபடி.

மிஷின் ஓடத் தொடங்குகிறது. பழைய உருளை நிமிடத்துக்கு 5000 சுற்று. மூன்று அலகும் பலகையின் முழு அகலத்தையும் ஒரே வீச்சில் அறையும். நிமிடத்துக்கு 15,000 அறை. அந்த அலறலுக்குப் பக்கத்தில் நின்று நின்று பாஸின் காது மந்தமாகிவிட்டது. வெளியே டீக்கடையிலும் உரத்துத்தான் பேசுவார். புதியதில் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, சாய்வாக மரத்தைத் தொடுகின்றன. அடி பகிர்ந்துபோகிறது. சத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காதைக் குத்தும் கூர் போய்விட்டது.

முதலில் பலாத் துண்டு. மஞ்சள் பொடிச் சீவல் பொலபொலவென்று கொட்டுகிறது. நீளச் சுருள் ஒன்றுகூட இல்லை. அடுத்து முதிரை. மோட்டார் கொஞ்சம் முக்குகிறது, பாஸ் முன்மேசையை ஏற்றிச் சீவலை மெல்லிதாக்குகிறார். திரும்ப ஓட்டுகிறார். பலகையைக் கவிழ்த்து, சாய்வு வெயிலில் பிடிக்கிறார். பின்னலான நார் முழுதாக நிற்கிறது, ஒரு குழியும் இல்லை. உற்றுப்பார்த்தால் மெல்லிய அலைத் தடம் தெரிகிறது; கைச் சீவுளி இரண்டு தடவை போனால் அதுவும் போய்விடும். பலா வெட்டுவதற்கே 1951 இன் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டிய நாட்டில், பிய்ந்து வீணாகாத ஒவ்வொரு பலகையும் பெரிய காரியம்.

வாங்குகிறவர்கள் இந்த வழவழப்பைத்தான் தடவிப் பார்த்துப் பாராட்டுவார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பது வேறொன்றை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையன் சாதாரணக் குரலில், "பாஸ், மூலைமட்டம் கொஞ்சம் தள்ளுது" என்கிறான். பாஸ் "என்னா?" என்று காதில் கை வைக்கவில்லை. மிஷினை நிறுத்தி, பக்கத்தடுப்பில் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, நட்டைத் தளர்த்துகிறார். இந்தப் பையனுக்கு இன்னும் நாற்பது வருடம் இந்தத் தொழில் இருக்கிறது. அவன் காது அவனிடமே இருக்கட்டும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பெடுக்கும். பையன் முகத்துக்குத் துணி கட்டிக்கொள்கிறான். அடுத்த வளையைத் தூக்குமுன் காந்தத்தை அதன்மேல் ஓட்டுகிறான். ஓரிடத்தில் காந்தம் ஒட்டிக்கொள்கிறது. பாஸ் உளியால் சுற்றிலும் குடைந்து, குறடால் நெம்ப, துருவேறிய ஆணி அரைவாசி வந்து முறிகிறது. மிச்சத்துக்காக அவர் மறுபடி உளியை எடுக்கிறார்.