பேரனுக்கு ஒரு எஸ்.எஸ்.டி.

எங்களோடு தங்கிக் காலேஜ் படிக்கும் பேரன், "கேம் போட இடமே இல்லை தாத்தா" என்று போன வருஷம் ஆரம்பித்தான். ஆன்லைனில் 2 டெராபைட் எஸ்.எஸ்.டி. 900 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். உடனே வாங்கிவிட்டேன். பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடும்போது, அதிலிருந்த எங்கள் அறுபதாம் கல்யாணப் படங்களையும் அதிலேயே போட்டு வைத்தேன்.

பெட்டிதான் பெரிது, உள்ளே இருந்தது சின்ன சிப். நிறைந்த பிறகும் "காப்பி ஆகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே பழையதன் மேல் எழுதித் தள்ளியிருக்கிறது. படத்தைத் திறந்தால் மாலையோடு என் தலை தெரிகிறது, வீட்டுக்காரி நின்ற இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பேரனுக்கும் நஷ்டம்தான். 'ஜி.டி.ஏ. 5' ஒன்றுக்கே 100 ஜிபிக்கு மேல் வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாமே செல்போன் நெட். நாளைக்கு 2 ஜிபி வைத்து இறக்கினால் ஐம்பது நாள்! ஏரியில் பாடு முறை வைப்பதுபோல, அவனும் இரண்டு சிநேகிதர்களும் முறை போட்டு இறக்கிய கேம் அது. 'கேம்தானே, திரும்ப இறக்கிக்கொள்ளலாம்' என்ற பேச்சு பட்டணத்துக்குச் சரி.

இந்த முறை விசாரித்துக்கொண்டு, லோக்கல் ட்ரெயின் பிடித்து ரிச்சி தெருவுக்கே போனோம். கடைப் பையன் என்விஎம்இ காட்டினான், வேகம் 3500 எம்பி என்றான். எங்கள் பழைய லேப்டாப்பில் இருப்பதோ இரண்டரை அங்குல சாட்டா இடம். அந்த வழியில் 550க்கு மேல் போகாது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் 100 சொச்சம்தான் என்பதால் இதுவே தாராளம்.

அடுத்தது டிஎல்சியா, க்யூஎல்சியா? ஒரு அறையில் மூன்று பிட் வைப்பது முதலாவது, நான்கு வைப்பது இரண்டாவது. நாலாவது ஆளையும் திணித்தால் வாடகை குறையும், ஆனால் எழுதும் வேகமும் ஆயுசும் குறையும். கேமை ஒரு தடவை எழுதிப் பல தடவை படிக்கிறோம், அதனால் க்யூஎல்சி போதும். மிச்சமான பணத்தை மூன்று வருஷ வாரண்டியும் பில்லும் உள்ள 1 டெராபைட்டில் போட்டேன்.

வீட்டில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டியது. மறுபடியும் ஏமாந்தோமா என்று வயிறு கலங்கிவிட்டது. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் என்றான் பேரன். இருந்தாலும் ஒரு ராத்திரி பூரா அதை நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகே நம்பினேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிரெஞ்சில் ராமுக்கு 'மெமுவார் விவ்', உயிருள்ள நினைவு. ரோமுக்கு 'மெமுவார் மோர்த்', செத்த நினைவு. எஸ்.எஸ்.டி. இரண்டுக்கும் நடுவில். கரண்ட் போனால் மறக்காது. ஆனால் வருஷக்கணக்கில் கரண்டே காட்டாமல் பீரோவில் போட்டு வைத்தால் மெல்ல மறக்கக்கூடும்.

சம்பந்தி வீட்டு ஆல்பத்தில் எங்கள் கல்யாணப் படம் பதினொன்று கிடைத்தது. ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்தாயிற்று, பிரிண்டும் போட்டாயிற்று. புது டிஸ்க் மேல், பழைய ஆபீஸ் பழக்கத்தில், ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "விளையாட்டுக்கு மட்டும்."