கடல் கடந்த அச்சும் கடவாத அச்சும்

பெங்களூர்க் காந்தி பஜாரில் மாலையில் நடப்போரை முதலில் வரவேற்பது பூக்கடைகளின் மணம். அம்மணத்தைக் கடந்து பசவனகுடியின் உட்தெருக்களில் நுழைந்தால், பழைய கன்னடக் குடும்பங்கள் விரும்பிச் சமைக்கும் ஒரு பண்டத்தை அறியலாம். அதன் பெயர் ஒத்து சாவிகெ. ‘ஒத்து’ என்றால் கன்னடத்தில் அழுத்துதல். அரிசி மாவைக் கொதிநீரிற் கிளறி, உருண்டைகளாக்கி வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சிலிட்டுப் பிழிவர். வெல்லமும் ஏலமும் கலந்த தேங்காய்ப்பாலை மேலே ஊற்றி உண்பர்.

1025ஆம் ஆண்டளவில் சாவுண்டராயர் இயற்றிய ‘லோகோபகாரம்’ என்னும் கன்னட நூலிலேயே சாவிகெயும் அதனைப் பிழியும் அச்சும் கூறப்பட்டுள்ளன. ஆகவே, தமிழர் கொண்டுவந்து கொடுத்த பண்டம் இது என்று பெருமை பேச நமக்கு இடமில்லை. கொங்கு நாட்டினர்க்கு இதனைக் கண்டதும் தம் ஊர்ச் சந்தகை நினைவுக்கு வரும். இரண்டும் வெந்தபின் பிழியப்படுவன அல்லவா!

தமிழர் தாமே கொண்டு சென்று பிறர்க்குக் கொடுத்ததைக் காண வேண்டுமாயின் கடல் கடந்து மலேயாவுக்குச் செல்ல வேண்டும். அங்கே நம் இடியாப்பம் ‘புட்டு மாயம்’ எனப் பெயர் பெற்றது. துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவர். மலாய்க்காரரும் சீனரும் விரும்பி உண்பதால், அதனை மலாய்ப் பண்டமென்றே எண்ணுவோரும் உளர். பசவனகுடியும் பினாங்கும் ஒன்றையொன்று கேளாமலே தேங்காயையும் இனிப்பையும் தேர்ந்தது நமக்கு வியப்பே.

இடியாப்பம் பயணத்துக்கு ஏற்றது. கையச்சு ஒன்று போதும். ஒருவரே பிழிந்து அவித்துவிடலாம். ஒத்து சாவிகெயின் அச்சோ முக்காலி போன்ற கனத்த இரும்பு. ஒருவர் திருக, மற்றொருவர் தட்டேந்த வேண்டும். மாவு ஆறிவிட்டால் திருகு நகராது. தனியாளாய் இதனைச் செய்ய முயல்வோர் இரங்கத்தக்கவர்.

அல்சூர் ஏரிக்கருகே நாம் வாழ்ந்த நாளில் திருகியவர் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார். தட்டேந்தியவர் எம் அன்னையார். “சாகா?” என்பார் அவர். “போதாதுங்க அக்கா, இன்னும் ஒரு திருகு” என்பார் இவர். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலால் நகரில் தமிழர் தாக்கப்பட்டபோது, வீட்டுச் சாவியை அவ்வம்மையாரிடம் கொடுத்துவிட்டு ஓசூர் சென்றோம். திரும்பி வந்த அன்று எம் அடுப்பு எரியவில்லை. அவர் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் சாவிகெயும் தேங்காய்ப்பாலும் வந்தன. அதைப்பற்றி இரு வீட்டாரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்த அச்சு இன்று எம் அடுக்குமாடி வீட்டுப் பரணில் இருக்கிறது. கடையில் விற்கும் உலர்ந்த சேவை சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. அதற்குத் துணையாள் வேண்டா. பொங்கலை அடுத்த ஞாயிறன்று மட்டும் அச்சை இறக்குகிறோம். உடன் உழைக்க எதிர்வீட்டு ஒடியத் தம்பதியர் வருகின்றனர். அவர்கள் இதுவரை தட்டேந்தவே பழகியிருக்கின்றனர்.