மாமி ஓடுகிறாள்

எங்கள் ஓட்டக் குழுவில் சேரத் தகுதி எதுவும் தேவையில்லை. செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குப் பழவங்காடி கணபதி கோயிலுக்கு எதிரே வந்து நின்றால் போதும். சந்தா கிடையாது. சாலைக் கடைத்தெருவில் மண்டி வைத்திருக்கும் ஒரு வியாபாரி, ஆஸ்பத்திரி நர்ஸுகள் இருவர், டெக்னோபார்க் இளைஞர்கள் நாலைந்து பேர், ரயில்வேயில் ரிட்டயரான ஒரு கார்டு. எல்லோரையும் மேய்ப்பவர் ஒரு முன்னாள் ஹவில்தார். இந்தக் கோயிலைப் பராமரிப்பது ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட். ஆகவே இங்கே கூடும் குழுவுக்கு வேறு யாரும் தலைவராக இருக்க முடியாது என்பது அவர் கட்சி.

அந்தக் கும்பலில் ஏழு மாதத்துக்கு முன் போய் நின்றேன். வயது 53. எடை 71 கிலோ. கோட்டைக்குள் ஒரு தெருவில் 28 வருஷமாக முதலில் மருமகள், பிறகு மாமி.

கடைசியாக நான் ஓடியது பள்ளிக்கூடத்தில். 1984இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தபோது எனக்கு 12 வயது. நாகர்கோவிலில் எங்கள் பள்ளி மைதானத்தில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுத் தாண்டிக் குதித்தோம். அடுத்த வருஷம் வயசுக்கு வந்தேன். ஓட்டம் நின்றது. யாரும் ‘ஓடாதே’ என்று சொன்னதாக நினைவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. உலகமும் அப்போது அவ்வளவு முன்னேறியிருக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே அந்த 1984இல்தான். அதற்கு முந்தைய ஒலிம்பிக் வரை 1500 மீட்டருக்கு மேல் அவர்களுக்குப் பந்தயம் கிடையாது. நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று மேல்நாட்டு டாக்டர்களும் பயந்தார்கள். என் பாட்டியும் அதையேதான் சொன்னாள்.

இப்போது ஏன் ஓட வேண்டும்? அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். சர்க்கரை நோயால் அவள் வலது கால் 63ஆம் வயதில் முட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டது. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்தது அது. உணர்ச்சி மரத்த பாதம், வலி தெரியவில்லை. போன வருஷம் என்னுடைய மூன்று மாத சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7 தாண்டினால் எச்சரிக்கை, 6.5 வந்தால் நோய். நான் நடுவே நிற்கிறேன். எனக்குத் துணையும் நிறையவே உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். நாடு முழுவதையும் எடுத்தால் 11 பேர்தான்.

இந்த நடுக்கட்டத்திலிருந்து திரும்ப முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லையில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நடையையும் உணவையும் சீர்செய்துகொண்டவர்களிடம், சும்மா இருந்தவர்களைவிட, நோய் முற்றுவது 28 சதவீதம் குறைவு. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய அவ்வளவுதான். நடந்தாலே போதுமே, ஓடுவானேன் என்று கேட்கலாம். நடந்து பார்த்தேன். மியூசியம் வளாகத்தில் நடக்க வருகிறவர்கள் பேசுவது பெரும்பாலும் கல்யாணமும் நிலவிலையும். என் கால்களும் பேச்சின் வேகத்துக்கே வந்தன.

முதல் பிரச்னை உடை. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் சுடிதாரோடு போக வேண்டுமானால் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். 2016இல் நிர்வாக அதிகாரி அது வேண்டாம் என்று உத்தரவு போட்டார். சில நாட்களிலேயே உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கோபுரத்தைத் தாண்டி, நிர்மால்ய தரிசனத்துக்கு ஈர முடியோடு போகிறவர்களுக்கு எதிரே, ட்ராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டுமாக நான் வர வேண்டும். முதல் வாரம் மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். கிழக்கே கோட்டை ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் கேட்டார்: “எந்தா மாமி, ட்ரெயின் பிடிக்கானோ?” இரண்டாவது வாரம் துப்பட்டா வீட்டிலேயே தங்கிவிட்டது. வியர்வையில் அது கழுத்தைச் சுற்றியதுதான் காரணம், புரட்சி ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு உடையைவிட ஷூ விலைதான் உறுத்தியது. “நாலாயிரமா? இதுக்கு ஒரு நல்ல புடவையே எடுத்திருக்கலாமேடி.”

ஓட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு, ஹவில்தார் சேட்டன் கற்றுக்கொடுத்தது வேறு. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படி எட்டு முறை. முதல் நாள் அவ்வளவுதான். இதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிரபலமாக்கிய முறைதான் இது. 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர் இதைப்போலவே ஒன்பது வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதினார். அதைப் பார்த்து இன்று உலகெங்கும் ஆட்கள் ஓடுகிறார்கள். ஆனால் அவர் அதை எழுதியது ஐம்பதைக் கடந்த தன் அம்மாவுக்காக!

“பதுக்கெ, சேச்சி, பதுக்கெ” என்பதுதான் ஹவில்தாரின் ஒரே மந்திரம். விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே ஓட முடிகிறதா, அதுதான் உங்கள் வேகம். நாமத்தின் நடுவே மூச்சு வாங்கினால் நடங்கள் என்றார். காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பலப்பட மாதங்கள் ஆகும். மூச்சு தேறியதே என்று வேகம் கூட்டுகிறவர்கள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். தவிர, திருவனந்தபுரத்துக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். உஷ்ணம் வெளியே போக வழியில்லாமல் இதயம் கூடுதலாக அடிக்கும். ஊட்டியில் ஓடுகிறவரின் நேரத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

சர்க்கரைக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒரு நாளோ, கொஞ்சம் கூடவோதான் நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது. எங்கள் செவ்வாய், வியாழன், ஞாயிறு அட்டவணையில் இருக்கும் சாஸ்திரம் இதுதான்.

குழுவில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ‘வால்’. யார் கடைசியாக ஓடுகிறாரோ அவருக்குப் பின்னால் நன்றாக ஓடத் தெரிந்த ஒருவர் வர வேண்டும், முறை வைத்து. இருட்டில் தெருநாய்கள் துரத்தினால் ஓடாமல் நின்று, பிறகு நடக்கச் சொல்லித்தருவதும் வாலின் வேலை. ஐந்து மாதம் கடைசி ஆள் நான்தான். ஓவர்பிரிட்ஜிலிருந்து ஸ்டாச்சு வரை ஏறும் மகாத்மா காந்தி சாலையில் அந்த டெக்னோபார்க் பையன்கள் என் வேகத்துக்குத் தங்களைக் குறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்குத் தெரியாமல் பார்த்தார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாக இலை போட்டுக்கொண்டு பழகிய எனக்கு, கடைசியாக வருகிற ஆளுக்காக மற்றவர்கள் காத்திருப்பது விசித்திரமாகத்தான் இருந்தது.

இப்போது ஐந்து கிலோமீட்டரை நடக்காமல் 47 நிமிஷத்தில் ஓடுகிறேன். போன மாதம் சர்க்கரை 5.8. ராத்திரிச் சாதத்தையும் பாதியாகக் குறைத்திருக்கிறேன், ஆகவே முழுப் பெருமையும் ஷூவுக்குப் போகாது. 5.8 என்றால் எல்லையை விட்டு முழுசாக வெளியே வந்ததாகவும் ஆகாது. அடுத்து சங்குமுகம் கடற்கரை வரை போகலாம் என்கிறார்கள். பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே போகிறது. விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்துதான் வழி, விமானங்கள் காத்திருக்கும். எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓடிவிட்டு வந்ததும் அம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொல்கிறாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பாதங்களை ஒவ்வொன்றாகத் தன் மடியில் எடுத்து வைத்து, விரலிடுக்கு, குதிகால், நகக்கண் என்று டார்ச் அடித்துப் பார்க்கிறாள். இப்படித் தினமும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லித்தந்தார்கள், காலை எடுத்த பிறகு. கொப்புளம் தெரிந்தால் அது ஆறும்வரை ஓட்டம் ரத்து. ஹவில்தாரிடம் சொன்னேன். அம்மாவின் உத்தரவுக்கு மேல் தனக்கு அதிகாரமில்லை என்றுவிட்டார்.