கோலி

ஐரோப்பாவில் ஒரே பகலில் இரு நாடுகளைக் கடந்த பயணத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதுவதுண்டு. சூரிக்கிலிருந்து மிலானுக்குச் செல்லும் இரயில், 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கத்தைக் கடந்ததும், வெளியே மக்களின் மொழி ஜெர்மனிலிருந்து இத்தாலியனுக்கு மாறிவிடுகிறது. நாட்டெல்லைக்கோ இன்னும் தொலைவு உண்டு. ஆயினும் அவ்விரண்டும் ஒரே மொழிக்குடும்பத்தின் கிளைகள். தாதரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாளுக்கியா விரைவு வண்டியில் மொழிக்குடும்பமே மாறுகிறது. கடவுச்சீட்டுக் கேட்பார் யாருமில்லை.

தாராவியில் நாற்பது ஆண்டுகளாக வாழும் ஒரு பெண்மணி அண்மையில் அவ்வண்டியில் தனியே பயணம் செய்தார். ஊரில் அவருடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தார். நினைவும் தப்பத் தொடங்கியிருந்தது. முந்தைய வாரம் தொலைபேசியில் அக்கா கேட்டது ஒன்றே: "யாருட்டி நீ? வடக்கத்திக்காரி மாதிரில்லா பேசுத."

அச்சொல் அவரைத் தைத்தது. மாட்டுங்காவில் அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கும்போதும், செம்பூரிலிருந்து வந்த மகள் தாதரில் வண்டி ஏற்றிவிடும்போதும் அதுவே மனத்தில் இருந்தது. மும்பைச் சொற்களை இனி நாவில் எடுப்பதில்லை என்று முடிவுசெய்தார். முதலில் விலக்க வேண்டிய சொல் 'கோலி'. மும்பையில் அது வாடகைக்கு விடும் ஒற்றை அறை. மணமாகி முதன்முறை ஊர் திரும்பியபோது, "கோலிக்கு வாடகை குடுக்கணும்" என்று அவர் சொல்லப்போக, "கோலிக்குண்டுக்கா வாடகை?" என்று கேட்டு அக்கா வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்.

முதல் இரவு கழியும் வேளையில் வண்டி சாங்லியையும் மிரஜையும் கடக்கிறது. மொழியியல் மாணவர் அறிந்த குப்வாட் என்னும் ஊர் அங்கேதான் உள்ளது. அங்கு மராத்தி, கன்னடம், உருது பேசுவோர் தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்ததில், அம்மொழிகளின் தொடரமைப்பு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதை ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். சொற்கள் மட்டும் வேறுவேறாகவே நின்றன. வீட்டுக்குள் பேசும் மொழி இன்னார் என்னும் அடையாளத்தைக் காத்து நின்றதே அதற்குக் காரணம்.

அப்பெண்மணியின் தமிழில் நேர்ந்தது இதன் மறுதலை. மராத்தி, இந்திச் சொற்கள் வந்து குடியேறின. வினைமுடிவுகள் திருநெல்வேலியினவாகவே நிலைத்தன. 'கோலியப் பூட்டிட்டு வாரேன்' என்னும் தொடரில் வெளியூரிலிருந்து வந்தது பெயர்ச்சொல் ஒன்றே. ஊரார் இதனைத் தமிழை மறந்ததாகக் கொண்டனர். அவரும் அவ்வாறே நம்பினார்.

பகல் முழுதும் கன்னட நாடு. ஹூப்ளியில் ஏறிய ஒரு மூதாட்டியோடு, இருவருக்கும் சொந்தமல்லாத இந்தியில் பிள்ளைகளைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். இரவானதும் பேச்சு நின்றது. அக்காவிடம் முதலில் என்ன சொல்வது என்பதை இருளில் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அக்காவின் கட்டிலருகே அமர்ந்து, பொறுக்கியெடுத்த சொற்களால் நெடுநேரம் பேசினார். அக்காவின் பார்வை அவரைக் கடந்து சுவரில் நின்றது. காப்பி கொண்டுவந்த அக்காவின் மகள், "வீட்டைப் பூட்டிட்டா வந்திய, சித்தி?" என்று கேட்டாள்.

அலுப்பில் வாய் தவறியது. "கோலிச் சாவிய மவகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

அக்காவின் முகம் திரும்பியது.

"கோலிக்குண்டுக்கு எதுக்குட்டி சாவி?"

பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆனால் அதன்பின் அன்று மாலை வரை தங்கையின் கையை அவர் விடவுமில்லை.