நூறு தடவை தூக்கணும்ல அண்ணாச்சி!

2024 ஜூலை கடைசியில் எல்லார் செல்போனிலும் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. துருக்கி வீரர் யூசுப் டிகேச். வயது 51. நரைத்த தலை, சாதாரணக் கண்ணாடி, ஒரு டீ-ஷர்ட். இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வலது கையால் பிஸ்டலை நீட்டி, பாரிஸ் ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கிவிட்டுப் போனார்.

எல்லாரும் பாக்கெட்டில் இருந்த அந்த இடது கையைத்தான் ரசித்தார்கள். திருநெல்வேலி - சங்கரன்கோவில் சாலையில் இருக்கும் பனவடலிசத்திரத்தில் ஒருவர் மட்டும் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இந்த மனுஷனுக்குத் தோள் வலிக்காதா?'

அவருக்கு 66 வயது. ராணுவத்தில் 20 வருடம், பிறகு ஒரு வங்கியில் காவலர் வேலை. அதிலிருந்தும் ஓய்வு பெற்றபோது, கையில் வந்த பணத்தில் பாதி வீட்டு மராமத்துக்குப் போனது. மீதியில் ஒரு பங்கை எடுத்து, பழைய ஏர் பிஸ்டல் ஒன்றை வாங்கினார். வீட்டில் யாரும் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

மாடுகளை விற்ற பிறகு தொழுவம் காலியாகத்தான் கிடந்தது. அங்கே டேப் பிடித்து 10 மீட்டர் அளந்தார். கடைசியில் கருங்கல் சுவர், அதற்கு முன்னால் குண்டைத் தாங்கும் இரும்புப் பெட்டி, அதில் காகித இலக்கு. தினமும் காலை 6 மணிக்குக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்கு உட்பட்ட விசை என்பதால், இந்த வகைக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் பூட்டுப் போட்ட பெட்டியில்தான் வைப்பார். அது பட்டாளத்துப் பழக்கம்.

இந்த விளையாட்டில் ஒரே கைதான். இன்னொரு கை துணைக்கு வரக் கூடாது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். நடு வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு!

ஏழு வருடம் நன்றாகப் போனது. பிறகு, சரியாக முப்பத்தைந்தாவது குண்டுக்கு மேல் தோள் பேச ஆரம்பித்தது. கை மெல்ல இறங்கும். குண்டு கீழே போகும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. குண்டு சரியில்லை என்றார். வெளிச்சம் போதவில்லை என்றார்.

ஒருநாள் மனைவி கேட்டார். "இப்பல்லாம் இடது கையாலதான் தலை வாருதீங்க. நான் பாக்கலன்னு நெனச்சீங்களோ?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சங்கரன்கோவிலில் டாக்டரைப் பார்த்தார்கள். தோள்மூட்டுத் தசைநாரில் தேய்மானம். "விளையாட்டை விடச் சொல்ல மாட்டேன். தூக்குற கனத்தைக் குறைங்க" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போகும் ரைபிள் கிளப்பில், கோச்சுக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும், "குட்டை பிஸ்டல் ஒண்ணு எடுத்துருங்க அண்ணாச்சி" என்றார்.

"அது சின்னப் பிள்ளைங்க பிடிக்கிறதுல்லா?"

உண்மைதான். குழாயும் காற்று சிலிண்டரும் குட்டையாக இருக்கும் அந்த மாடல்களைப் பெரும்பாலும் சிறுவர்களும் சிறிய கை உள்ளவர்களும்தான் வாங்குவார்கள். இருபது வருடம் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவருக்கு அது இறங்கி வருவதுபோல் இருந்தது.

கோச் வாதாடவில்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். போட்டிக்கு 60 குண்டு. அதற்கு முன்னால் குறி சரிபார்க்கச் சுடுவது 15. தூக்கிவிட்டு, மனசு ஒப்பாமல் சுடாமலே இறக்குவது ஒரு 25. ஆக, நூறு தடவை.

"உங்க பிஸ்டல், நீங்க சேத்த எடைக்கட்டியோட 1,120 கிராம். நூறு தடவை தூக்கணும்ல அண்ணாச்சி! 112 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலரை. அதுவும் இடுப்புல வச்சு இல்ல, கையை நீட்டிக்கிட்டு."

குட்டை பிஸ்டலின் எடை 870 கிராம். நூறு தடவைக்கு 87 கிலோ. முழுசாக ஒரு சிப்பம் குறைகிறது. சர்வதேச விதியில் ஏர் பிஸ்டலின் எடைக்கு மேல்வரம்பு 1,500 கிராம். கீழ்வரம்பு கிடையாது. லேசானதைப் பிடித்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

கிளப்பில் இருந்த குட்டை பிஸ்டலை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். முதல் பத்துக் குண்டும் சிதறின. கனமான பிஸ்டல் கையில் நிதானமாக ஆடும். லேசானது துடிக்கும். போதாததற்கு, குழாய் குட்டையானால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறையும். குறியில் வரும் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். "இது நமக்கு ஆகாது" என்று கீழே வைத்துவிட்டார்.

"முதல் பத்தைப் பாக்காதீங்க. கடைசிப் பத்தைப் பாருங்க" என்றார் கோச்.

எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்றார். விளக்குமாற்றை நுனியில் பிடித்து நீட்டினால் கை வலிக்கும். நடுவில் பிடித்தால் வலிக்காது. அதே விளக்குமாறுதான். முதலில் பழைய பிஸ்டலின் மூக்கில் மாட்டியிருந்த எடைக்கட்டிகளைக் கழற்றச் சொன்னார். புதிதாக வாங்குவதற்கு முன்னால், காசு செலவில்லாமல் செய்து பார்க்க வேண்டிய வேலை அதுதான். கொஞ்சம் தேவலை. ஆனால் போதவில்லை. குட்டை பிஸ்டலில் கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எடையைச் சேர்த்ததும் துடிப்பு அடங்கியது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு பிஸ்டல். ஒரு நோட்டு. பழையதில் முதல் பத்துக் குண்டுக்கு 92, கடைசிப் பத்துக்கு 81. குட்டையில் முதல் பத்துக்கு 89, கடைசிப் பத்துக்கு 88. நோட்டை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பேத்தி ஒரு கதை சொன்னாள். உத்தரப்பிரதேசத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே சந்த்ரோ தோமர் என்ற பாட்டி, 60 வயதைத் தாண்டிய பிறகு பேத்தியோடு துணைக்குப் போன இடத்தில் பிஸ்டலைக் கையில் எடுத்தார். தண்ணீர் ஜக்கை நீட்டிப் பிடித்துக் கையைப் பழக்கினார். அவரைப் பார்த்து குடும்பத்தில் பிரகாஷி தோமரும் வந்தார். இருவரையும் வைத்து 2019-ல் இந்தியில் சினிமாவே வந்தது. 2021 ஏப்ரலில் கொரோனாவில் சந்த்ரோ இறந்தபோது நாடே 'ஷூட்டர் பாட்டி'க்கு அஞ்சலி செலுத்தியது.

"ஜக்குல எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு பாட்டிதானே முடிவு பண்ணிருப்பாங்க, தாத்தா?"

அன்று ராத்திரி அவர் சொம்பில் பாதி தண்ணீர் ஊற்றி நீட்டிப் பார்த்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்புற விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். அதனால் இந்த முறையும் பழையதுதான். கோச் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார். ஒன்று, காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் சாமான் அது. பத்து வருடம் தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டு, கைப்பிடி அளவு. உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், 870 கிராமும் ஒரு கிலோவாகத் தெரியும்.

பழைய பிஸ்டல் ஒரு கல்லூரி மாணவனிடம் போனது. கொடுப்பதற்கு முன்னால் எண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பையன் பொறுமையாக நின்றான்.

இப்போதும் காலை 6 மணிக்குத் தொழுவத்தில் டப், டப் என்று சத்தம் கேட்கிறது. அறுபது எண்ணும்வரை கேட்கிறது. தோள் முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. தலை வாருவது இன்னமும் இடது கையால்தான்.

மனைவியிடம் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "வலது கையை அறுபது குண்டுக்குன்னு சேத்து வச்சிருக்கேன்ல!"